உருமாறும் படிகமும் சிதறும் ஒளியும்: கேள்வி பதில்

இளங்கலை மாணவர்: ஃபெரோஎலெக்ட்ரிக், ஃபெரோஎலாஸ்டிக்: என்ன வித்தியாசம் சார்?

முதலாவது வகைப் படிகத்தில் தானாகத் தோன்றிய மின்முனைவு, அதாவது நேர், எதிர் மின்னூட்டங்களின் விலகல், இருக்கும். மின்புலம் கொடுத்து அதைத் திருப்பலாம். இரண்டாவதில் தானாகத் தோன்றிய திரிபு, அதாவது வடிவ மாற்றம்; அதை அழுத்தித் திருப்பலாம். பேரியம் டைட்டனேட் இரண்டிலும் சேரும். பிஸ்மத் வனடேட் ஃபெரோஎலாஸ்டிக் மட்டும்தான்; சுமார் 255 டிகிரி செல்சியஸுக்கு மேல் அந்தத் திரிபு மறைந்துவிடும்.

ஆய்வு மாணவி: சாஃப்ட் மோடை ராமன் நிறமாலையில் எப்படி அடையாளம் காண்பது?

படிகம் உருமாறும் வெப்பநிலையை நெருங்கும்போது அதிர்வெண் தாழ்ந்துகொண்டே போகும் அதிர்வுதான் சாஃப்ட் மோடு. படிக அதிர்வுகளால் அதிர்வெண் மாறிச் சிதறும் ஒளி, ராமன் நிறமாலையில் கோடுகளாக வரும். 1940இல் ராமனும் நெடுங்காடியும் குவார்ட்ஸைச் சூடாக்கிப் பார்த்தார்கள். 207 அலையெண்ணில் (ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலை என்ற அளவு) இருந்த கோடு, 573 டிகிரி செல்சியஸில் குவார்ட்ஸ் ஒரு வடிவிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் ஆல்ஃபா-பீட்டா மாற்றத்தை நெருங்க நெருங்க அகன்று, மங்கி, லேசர் இல்லாத அந்தக் காலத்துப் பாதரச விளக்கின் கோட்டை நோக்கி நகர்ந்தது. கோக்ரனும் ஆண்டர்சனும் இதற்கு முறையான கோட்பாடு தந்தது ஏறக்குறைய இருபது ஆண்டு கழித்து.

நீங்கள் செய்ய வேண்டியது, அதிர்வெண்ணின் வர்க்கத்தை வெப்பநிலைக்கு எதிராக வரைவது. தொடர்ச்சியான மாற்றம் என்றால், எளிய கோட்பாட்டின்படி நேர்கோடு வரும். ஆனால் மாற்றத்துக்கு அருகில் தணிப்பு, அதாவது அதிர்வு சீக்கிரம் அடங்கிப்போவது, அதிகமாகிவிடும். அப்போது உச்சி இருக்கும் இடம் அதிர்வெண் ஆகாது. தணிந்த அலையியற்றி வடிவத்தைப் பொருத்தித்தான் எடுக்க வேண்டும். வெப்பத்தால் அதிர்வுகள் எவ்வளவு தூண்டப்படுகின்றன என்று சொல்லும் போஸ் காரணியால் வகுக்காமல் ‘செறிவு கூடுகிறது’ என்று எழுதிவிடாதீர்கள். தாழ்ந்த அதிர்வெண்ணில் எந்தக் கோடும் சூட்டில் பெருகத்தான் செய்யும்.

இன்னொருவர்: அறை வெப்பநிலையில் ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டில் அகன்ற மேடுகள்தான் வருகின்றன. மாதிரி கெட்டதா?

மாதிரி நன்றாகத்தான் இருக்கிறது! கனசதுரக் கட்டத்தில் ஒவ்வொரு அயனியும் தலைகீழாக்கச் சமச்சீர் மையத்தில் உட்கார்ந்திருக்கிறது, அதனால் ஒரே ஓர் அதிர்வு பங்கேற்கும் முதல்படி ராமன் சிதறலுக்கு இடமே இல்லை. நீங்கள் காண்பது இரண்டு போனான்கள் (படிக அதிர்வின் ஆற்றல் துணுக்குகள்) சேர்ந்த சிதறல். 105 கெல்வினுக்குக் கீழே இறக்குங்கள். பக்கத்துப் பக்கத்து ஆக்ஸிஜன் எண்முகிகள் எதிரெதிராகத் திரும்பி அலகுக் கூடு பெரிதாகும். கூர்மையான புதுக்கோடுகள் முளைக்கும். 1968இல் ஃப்ளூரி, ஸ்காட், வொர்லாக் இதைக் காட்டினார்கள்.

கருவிக்கூட உதவியாளர்: ஃபெரோஎலாஸ்டிக் படிகத்துக்கு பிரில்லூவன் எதற்கு? ராமன் போதாதா?

பிரில்லூவன் என்பது படிகத்தின் ஒலி அலைகளால் ஒளி சிதறுவது. பல ஃபெரோஎலாஸ்டிக் படிகங்களில் தளர்வது அந்த ஒலி அலைதான். அதன் நகர்வு கிகாஹெர்ட்ஸ் அளவு. ஓர் அலையெண்ணே 30 கிகாஹெர்ட்ஸ். சாதாரண ராமன் கருவியில் அது லேசர் கோட்டுக்குள் அமுங்கிவிடும், ஆகவே மிக நுண்ணிய நகர்வையும் பிரித்துக் காட்டும் ஃபாப்ரி-பெரோ கருவி வேண்டும். லாந்தனம் பென்டாபாஸ்பேட்டில் ஒரு குறுக்கலை சுமார் 125 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது வெகுவாக மெதுவாகிறது. திசையைத் தவறாக வெட்டினால் ஒன்றும் தெரியாது, அதைக் கவனியுங்கள்.

ஆய்வு மாணவர்: மாற்றத்தருகே ஒளி திடீரென்று பிரகாசமாகச் சிதறுகிறது. முக்கியப்புள்ளி ஏற்றவிறக்கம், அதாவது மாற்றத்தருகே தானாகப் பெருகும் அலைபாய்ச்சல், என்று எழுதலாமா?

அவசரப்பட வேண்டாம். இந்த வலையில் விழுந்தவர்கள் நிறையப் பேர். குவார்ட்ஸின் பால்வெண்மையை 1956இல் சோவியத் ஆய்வாளர்கள் கண்டபோது, அது ஏற்றவிறக்கம்தான் என்றே தோன்றியது. 1968இல் ஷாப்பிரோவும் கம்மின்ஸும் அது காலத்தோடு மாறாத, அசையாத சிதறல் என்று காட்டினார்கள். அப்புறம் மின்னணு நுண்ணோக்கி அங்கே நுண்ணிய முக்கோண டொமைன்களை (ஒரே படிகத்துக்குள் வெவ்வேறு அமைவு கொண்ட பகுதிகளை) காட்டியது. இரு கட்டங்களுக்கும் நடுவே ஒன்றரை டிகிரி போல அகலத்தில் அணுக்கூட்டின் இடைவெளியோடு பொருந்தாத அலைபோன்ற அமைப்பு கொண்ட கட்டம் ஒன்று ஒளிந்திருந்ததும் தெரிந்தது.

எளிய சோதனை: சிதறிய லேசர் ஒளியைத் திரையில் விழவிட்டு அந்தப் புள்ளிக்கோலத்தைப் பாருங்கள். வெப்பநிலை நிலையாக இருக்கும்போது கோலமும் உறைந்து நின்றால் டொமைனோ குறைபாடோதான் காரணம்.

அதே மாணவர்: சரி, லேசரே மாதிரியைச் சுட்டுவிட்டால்?

ஆற்றல் குறைந்து சிதறும் ஸ்டோக்ஸ் ஒளி, ஆற்றல் கூடிச் சிதறும் எதிர்-ஸ்டோக்ஸ் ஒளி, இவற்றின் செறிவு விகிதத்தில் உண்மையான வெப்பநிலை கிடைக்கும். பிறகு லேசர் திறனைப் பாதியாக்குங்கள். மாற்ற வெப்பநிலை நகர்ந்தால், முன்பு எடுத்த அளவீட்டை மறுபடி எடுக்க வேண்டியதுதான்.