மருந்தின் பெயர் என்ன?

அன்புள்ள ஐயா,

பாபநாசம் பக்கம் விவசாயம் செய்கிறேன். மனைவிக்கு மூளையில் கட்டி, அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. சில மாதங்களுக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ., ஒவ்வொரு முறையும் படம் தெளிவாகத் தெரிவதற்குக் கான்ட்ராஸ்ட் ஊசி. அந்த மருந்து மூளையிலேயே தங்கிவிடும் என்று மருமகன் செல்போனில் படித்துக் காட்டினார். அடுத்த ஸ்கேனை விட்டுவிடலாமா? வாழைத்தண்டுச் சாறு கொடுத்தால் வெளியேறுமா?

அன்புள்ள நண்பருக்கு,

ஸ்கேனை விடாதீர்கள். வாழைத்தண்டைக் கூட்டு வைத்துச் சாப்பிடுங்கள், அதோடு சரி. மூளையிலிருந்து மருந்தை இழுத்து எடுக்கிறேன் என்று எவராவது வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

மருமகன் படித்தது பொய்யில்லை. ஊசியில் இருப்பது கடோலினியம் என்ற உலோகம். தனித்து விட்டால் நஞ்சு என்பதால் இன்னொரு மூலக்கூறோடு பிணைத்துச் செலுத்துகிறார்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தால் பெரும்பகுதி ஒரே நாளில் சிறுநீரோடு போய்விடும். கட்டி உள்ள இடத்தில் ரத்தக்குழாயின் காவல் தளர்ந்திருப்பதால் மருந்து கசிந்து படத்தில் வெள்ளையாகத் தெரியும். கட்டி திரும்புகிறதா என்று டாக்டர் தேடுவது அந்த வெள்ளையைத்தான். ஆனால் பலமுறை ஊசி போட்டவர்களுக்கு, ஊசியின்றி எடுத்த படத்திலும் சிறுமூளையின் உட்பகுதி வெளுத்திருப்பதை 2014இல் ஜப்பானில் காண்டா என்ற மருத்துவரின் குழு காட்டியது. அடுத்த ஆண்டே, இறந்தவர்களின் மூளைத் திசுவில் அந்த உலோகம் இருப்பதும் தெரிந்தது. சிறுநீரகம் நன்றாக உள்ளவர்களுக்கு இதனால் கேடு என்று இதுவரை நிரூபணமாகவில்லை.

எல்லா ஊசியும் ஒன்றல்ல. உலோகத்தைச் சங்கிலிபோல் நீண்ட மூலக்கூறு சுற்றியிருக்கும் 'லீனியர்' வகை அதிகம் தங்குகிறது. வளையத்துக்குள் பூட்டிய 'மேக்ரோசைக்ளிக்' வகை மிகக் குறைவு. 2017இல் ஐரோப்பாவில் லீனியர் மருந்துகள் சிலவற்றை நிறுத்தியே வைத்தார்கள். உங்கள் மனைவிக்குப் போட்டது எது? கடிதத்தில் அது மட்டும் இல்லை. குறுவைக்கு ஆடுதுறை 43 நெல் போட்டீர்களா, ஒரு மா நிலத்துக்கு எத்தனை கிலோ யூரியா என்று கேட்டால் ஒரே மூச்சில் சொல்வீர்கள். கட்டியவளின் நரம்பில் ஏறியதன் பெயரைக் கேட்க வாய் வரவில்லை!

என் அக்காவோடு கும்பகோணத்தில் ஒரு ஸ்கேன் மையத்துக்குப் போயிருந்தேன். பெயர் கேட்டதற்கு, "எல்லாருக்கும் போடுவதுதான் சார்" என்றான் பையன். ரசீதில் 'கான்ட்ராஸ்ட் கட்டணம்' என்று தொகை மட்டும். தட்டில் கிடந்த காலிக் குப்பியை எடுத்து, அதில் இருந்த பொடி எழுத்துகளை ஸ்கேன் உறையின் பின்னால் எழுதிக்கொண்டேன். "அவனை வேலை பார்க்க விடேன்டா" என்று அக்கா கூச்சத்தில் நெளிந்தாள். இந்தக் கூச்சத்தின் மீதுதான் எனக்குத் தீராத கோபம். அவர்கள் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. இடையில் எது மலிவோ அது ஏறிவிடுகிறது.

பெயர், தேதி, எத்தனை மில்லி. நெல் கணக்கு எழுதும் நோட்டிலேயே எழுதுங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்தார்களா, மேக்ரோசைக்ளிக் கிடைக்குமா, இந்த முறை ஊசி அவசியமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அப்புறம், உங்கள் மனைவி இப்போது எப்படி இருக்கிறார்? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே ஐயா.