வாடகைக்காரரோடு சேர்த்து வாங்கிய வீடு: பணம் வராவிட்டால் பூட்டை மாற்றலாமா?

டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருப்பதன் சுருக்கம்: ஓய்வுக்கால வருமானத்துக்காக நானும் என் கணவரும் வெருலத்தில் ஒரு தனி வீட்டை வாங்கினோம். பத்திரப் பதிவு மார்ச் 28 அன்று முடிந்தது. பழைய உரிமையாளர் குடிவைத்த குடும்பம் அங்கேயே இருக்கிறது. அவர்களுடைய எழுத்து ஒப்பந்தம் அடுத்த ஆண்டு இறுதிவரை ஓடுகிறது. மாத வாடகை 8,500 ராண்ட். பிப்ரவரி முதல் மே வரை ஒரு காசும் வரவில்லை. கூரை ஒழுகுவதுதான் காரணம் என்கிறார்கள். மின்சாரத்தை நிறுத்திப் பூட்டை மாற்றிவிட்டால் ஒரே வாரத்தில் போய்விடுவார்கள் என்று என் கொழுந்தனார் சொல்கிறார். மாநகராட்சியோ பழைய உரிமையாளர் காலத்துப் பாக்கியை எங்கள் கணக்கில் காட்டுகிறது. இதே போல இன்னொரு வீடு வாங்கும் எண்ணமும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

அன்புள்ள சகோதரிக்கு,

குடும்ப விருந்துகளில் இலவசமாகக் கிடைக்கும் சட்ட ஆலோசனைகளில் மிக அதிகமாகச் செலவு வைப்பது உங்கள் கொழுந்தனார் சொன்ன இந்த யோசனைதான் என்பதால், முதலில் அதற்கே பதில் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு, நீதிமன்ற ஆணை இல்லாமல் ஒருவரை அவருடைய குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடைசெய்கிறது. வழக்கறிஞர்கள் 'பை' (PIE) சட்டம் என்று சுருக்கிச் சொல்லும், சட்டவிரோத வெளியேற்றத்தைத் தடுக்கும் 1998ஆம் ஆண்டின் 19ஆம் எண் சட்டம், அப்படி வெளியேற்றுவதை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ விதிக்கத்தக்க குற்றமாக்கியிருக்கிறது. 1999ஆம் ஆண்டின் வாடகை வீட்டுவசதிச் சட்டத்திலும், 2007இல் வந்த திருத்தத்தின் மூலம், வாடகைக்காரரைச் சட்டவிரோதமாக வெளியே பூட்டுவதும் தண்ணீர், மின்சாரத்தைத் துண்டிப்பதும் குற்றங்களாகச் சேர்க்கப்பட்டன. இவற்றையெல்லாம் விட வேகமாக உங்களைத் தாக்கக்கூடியது இன்னொன்று: பூட்டு மாறிய மறுநாளே அவர்கள் அவசர மனுவுடன் நீதிமன்றம் போனால், வாடகை பாக்கி இருக்கிறதா என்ற கேள்விக்குள் நீதிபதி நுழையவே மாட்டார், அமைதியாக அனுபவித்துவந்த இடம் பலவந்தமாகப் பறிக்கப்பட்டதா என்பதை மட்டும் பார்த்து, சாவியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, பெரும்பாலும் வழக்குச் செலவையும் உங்கள் தலையில் கட்டிவிடுவார்.

இனி அடிப்படைக்கு வருகிறேன். வீடு கைமாறினாலும் அதிலுள்ள வாடகை ஒப்பந்தம் முறிவதில்லை என்பது, ரோமன்-டச்சுச் சட்டத்திலிருந்து இந்நாட்டுக்கு வந்து இன்றும் நிற்கும் விதி. பத்திரம் உங்கள் பெயருக்குப் பதிவான நொடியிலேயே, பழைய உரிமையாளரின் இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள்; வாடகை பெறும் உரிமையும் உங்களுடையது, கூரையைச் சீராக வைத்திருக்கும் கடமையும் உங்களுடையது. ஆகவே, ஒப்பந்தம் நான் போட்டதல்ல என்ற வாதம் எடுபடாது.

இதே விதியின் மறுபக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. பதிவுக்கு முன்னரே செலுத்த வேண்டியதாகிவிட்ட பிப்ரவரி, மார்ச் வாடகை, விற்றவர் அதை எழுத்து மூலம் உங்களுக்கு மாற்றிக் கொடுத்திருந்தாலன்றி, அவருக்குச் சேர வேண்டிய கடன். நீங்கள் உரிமையோடு கேட்கக்கூடியது ஏப்ரல், மே வாடகையான 17,000 ராண்ட் மட்டுமே. நான்கு மாதத்துக்கும் சேர்த்து 34,000 ராண்ட் கேட்டு நோட்டீஸ் அனுப்பி, அதன் அடிப்படையில் ஒப்பந்தத்தை ரத்து செய்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கைவைப்பது அந்தத் தொகையின் மீதாகத்தான் இருக்கும். விற்றவரிடம் உரிமை மாற்றக் கடிதம் ஒன்று வாங்க முடிந்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் சரியான தொகையோடு நில்லுங்கள்.

கூரை பற்றிய அவர்களுடைய புகாரை நான் சாக்கு என்று ஒதுக்கமாட்டேன். ஒழுக்கினால் வீட்டின் ஒரு பகுதியைப் பயன்படுத்தவே முடியாமல் போயிருந்தால், அதற்கேற்ற விகிதத்தில் வாடகைக் குறைப்புக் கேட்க அவர்களுக்கு இடமுண்டு. ஆனால் வீடு முழுவதிலும் குடியிருந்துகொண்டு முழு வாடகையையும் நிறுத்திவைப்பதை அது பொதுவாக நியாயப்படுத்தாது. கூரையை இப்போதே பழுதுபாருங்கள். புகைப்படங்களையும் ரசீதுகளையும் வைத்திருங்கள். நீதிபதியின் முன் கைசுத்தமாக நிற்பவர் நீங்களாக இருக்க வேண்டும். ஒருவேளை அவர்கள் மாகாணத்தின் வாடகை வீட்டுவசதித் தீர்ப்பாயத்தில் புகார் கொடுத்தால், தீர்ப்பு வரும் வரை அல்லது மூன்று மாதம் முடியும் வரை, எது முந்தியதோ அதுவரை நீங்கள் வெளியேற்ற முடியாது. ஆனால் அந்தக் காலத்திலும் அவர்கள் வாடகை கட்டியாக வேண்டும்.

வெளியேற்றுவதற்கான பாதை நீளமானது, ஆனால் தெளிவானது. முதலில் பாக்கியைச் செலுத்தும்படி எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறித்த கால ஒப்பந்தத்தை ரத்து செய்வதற்கு முன் தவறைத் திருத்திக்கொள்ள 20 வேலை நாள் அவகாசம் கோருகிறது. ஒரே வீட்டை வாடகைக்கு விடும் தனிநபரை அச்சட்டம் கட்டுப்படுத்துமா என்று வழக்கறிஞர்களிடையே வாதம் உண்டு என்றாலும், அந்த வாதத்தை உங்கள் செலவில் நடத்த வேண்டாம், 20 வேலை நாளையே கொடுத்துவிடுங்கள். அதன் பிறகும் பணம் வராவிட்டால் இரண்டாவது கடிதத்தில் ஒப்பந்தத்தை வெளிப்படையாக ரத்து செய்ய வேண்டும். இந்தப் படியைத் தவறவிடுகிறவர்கள் அதிகம். ஒப்பந்தம் உயிரோடு இருக்கும் வரை அவர்கள் சட்டவிரோதக் குடியிருப்பாளர்கள் அல்லர், எனவே வழக்கு தள்ளுபடியாகும்.

ரத்துக்குப் பிறகும் இருந்துகொண்டிருக்கும் வாடகைக்காரருக்கும் 'பை' சட்டம் பொருந்தும் என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே வெருலம் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு செய்து, நீதிமன்றத்தின் அங்கீகாரத்தோடு, விசாரணைக்குக் குறைந்தது 14 நாளுக்கு முன் குடியிருப்பவர்களுக்கும் டர்பன் பகுதியின் எட்டெக்வினி மாநகராட்சிக்கும் அறிவிப்பை முறைப்படி சேர்ப்பிக்க வேண்டும். வீட்டில் குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்களா, பெண்ணின் தலைமையில் நடக்கும் குடும்பமா என்பவற்றையெல்லாம் நீதிபதி எடைபோட்டு, வெளியேறுவதற்கான நியாயமான தேதியைக் குறிப்பார். அந்தத் தேதிக்குப் பிறகும் வீட்டு வாசலை மிதிக்கும் அதிகாரம் ஷெரிஃபுக்குத்தான், உங்களுக்கு அல்ல. பாக்கிப் பணத்தை மட்டும் தனியாகக் கேட்பதானால் 20,000 ராண்ட் வரை சிறு வழக்கு நீதிமன்றம் விசாரிக்கும். ஜூன் வாடகையும் நின்றுவிட்டால் கணக்கு 25,500 ஆகிவிடும், அப்போது மிகைத் தொகையை விட்டுக்கொடுத்தால்தான் அங்கே போக முடியும்.

மாநகராட்சிப் பாக்கியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். முந்தைய உரிமையாளர் காலத்துக் கடனுக்குப் புதிய உரிமையாளர் பொறுப்பல்லர் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2017இல், ஜோர்டான் எதிர் ட்ஷ்வானே வழக்கில், தெளிவாகச் சொல்லிவிட்டது. பதிவுத் தேதியைக் காட்டும் பத்திர நகலோடு எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுங்கள். மார்ச் 28க்குப் பிந்தைய கட்டணத்தை மட்டும் ஒழுங்காகக் கட்டிவாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, டெபாசிட். குடியிருப்பவர்கள் போகும்போது அதை உங்களிடம்தான் எதிர்பார்ப்பார்கள். விற்றவரிடமிருந்து அது வட்டியோடு உங்கள் கைக்கு வந்ததா என்று இப்போதே பாருங்கள். ஒப்பந்தம் முடிவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இருதரப்பும் சேர்ந்து வீட்டைப் பார்வையிட வேண்டும். அதை நீங்கள் செய்யத் தவறினால், வீடு நல்ல நிலையில் இருந்ததாக நீங்களே ஒப்புக்கொண்டதாகச் சட்டம் கொள்ளும். உடைந்த கதவுக்குக் கூடப் பிடித்தம் செய்ய முடியாது.

இரண்டாவது வீட்டை வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் வாங்குவதற்கான ஒப்பந்தத்திலேயே, வீடு காலியாகத்தான் கைமாறும் என்றோ, அல்லது வாடகை ஒப்பந்த நகலும் கடந்த பன்னிரண்டு மாத வரவுக் கணக்கும் இணைக்கப்பட்டு, டெபாசிட், பத்திரப் பதிவைச் செய்யும் வழக்கறிஞர் வசம் ஒப்படைக்கப்படும் என்றோ எழுதச் சொல்லுங்கள். அந்த வரவுக் கணக்கைக் காட்டத் தயங்கும் விற்பனையாளரிடம் விலை பேசுவதற்கே நான் உட்காரமாட்டேன்.