எந்த ராட்டினம் நிக்கும், எது காணாம போகும்: கேட்டீங்க, சொல்றேன்

முப்பது வருஷம் திருவிழா திருவிழாவா ராட்டினம் ஓட்டிட்டு இப்ப மன்னார்குடி பக்கம் ஒரு லேத்துப் பட்டறையோட உக்காந்துட்டேன். எது இன்னும் ஓடுது, எது ஏன் ஒழிஞ்சுதுன்னு ஒருத்தர் கேட்டாருன்னு பதில் சொல்லப்போய் மத்தவங்களும் வரிசை கட்டிட்டீங்க. மாவு மில்லு மாதிரி வந்த வரிசையில அரைச்சுத் தர்றேன்.

கும்பகோணம் தம்பி: அண்ணே, சின்ன வயசுல எங்க தெரு மாரியம்மன் கோயிலுக்கு மரத்தொட்டி ராட்டினம் வரும், கையாலயே சுத்துவாங்க. இப்ப ஏன் கண்ணுலயே படல?

நாலு தொட்டி, நடுவுல ஒரு உருட்டுக்கட்டை, அச்சுக்கு வண்டி மை, அவ்வளவுதான் மெஷினு. கிரீச் கிரீச்சுன்னு அது போடுற சத்தந்தான் விளம்பரமே, மூணு தெரு தள்ளி இருக்குற புள்ளையும் கேட்டுட்டு அம்மா முந்தானைய இழுக்கும். புள்ளைங்களுக்கு ஆசை விட்டுப்போயி அது ஒழியலப்பா. தொட்டிக்கு ரெண்டு புள்ளைன்னா எட்டு டிக்கெட்டு, அதுக்கு ஒரு ஆளு பொழுது சாஞ்சதுலேந்து நடுராத்திரி வரைக்கும் தோளு கழண்டு போற மாதிரி தள்ளணும், அதே ஆளுக்கு மூட்டை தூக்குற எடத்துல கூடுதல் காசு கெடைச்சா அவரு எதுக்கு இங்க நிக்கப்போறாரு. எனக்குத் தெரிஞ்ச ஒரு ராட்டினக்காரரோட மகன் லைசென்ஸ் எடுத்துட்டு துபாய் போயிட்டாரு, ராட்டினம் வைக்கப்போர் ஓரமா கரையான் அரிச்சுக் கெடந்துச்சு. ஆனா அந்த ஆட்டம் சாகல, அதே தொட்டிதான் இரும்பு எலும்ப மாட்டிக்கிட்டு ஜெயண்ட் வீலா நிக்குது.

மாயவரம்: ஜெயண்ட் வீலே அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்சதுதானே சார்?

பெருசாக்குனது அவங்க. தொட்டி மேல போயி கீழ வர்ற ஆட்டம் ரொம்பப் பழசு, 1620 வாக்குலயே பீட்டர் மண்டின்னு ஒரு இங்கிலீஷ்காரரு துருக்கி ராஜ்ஜியத்துப் பக்கம் போனப்ப அங்க சுத்துன ராட்டினத்தப் பாத்து எழுதி வச்சிருக்காரு. 1893-ல சிகாகோ பொருட்காட்சிக்கு ஜார்ஜ் ஃபெரிஸ்னு ஒரு இன்ஜினியர் வச்சாரு பாருங்க, 264 அடி, நம்ம தஞ்சாவூர் பெரிய கோயில் விமானமே 216 அடிதான், கணக்குப் போட்டுக்கங்க. 36 பெட்டி, ஒரு பெட்டியில 60 பேரு. அதுதான் இன்னிக்கு எங்க இருக்குன்னு கேட்டா எங்கயுமே இல்ல. பொருட்காட்சி முடிஞ்சதும் அவ்வளவு இரும்ப யாரு தூக்குறது? ஊருக்குள்ள ஒரு தடவை எடம் மாத்துனாங்க, 1904-ல செயின்ட் லூயிஸ் பொருட்காட்சிக்குக் கொண்டுபோனாங்க, 1906-ல வெடி வச்சுத் தகர்த்து பழைய இரும்பாக்கிட்டாங்க. பதிமூணே வருஷம்.

அந்த வீல்ல ஏறிப் பாத்த சல்லிவன்னு ஒருத்தரு, பாலம் கட்டுற தொழிலு அவருக்கு, அவரு என்ன பண்ணாருன்னா 1900-ல 45 அடியில ஒண்ணு கட்டுனாரு, கழட்டி மாட்டி ஊர் ஊராக் கொண்டுபோற மாதிரி. நம்ம திடல்ல நிக்குறது அந்த ஜாதிதான். எந்த ராட்டினத்தையும் நான் பாக்குற பார்வை இது: எத்தனை லாரி லோடு, மாட்ட எத்தனை நாளு, ஒரு ஷாஃப்ட் ஒடைஞ்சா அந்த ஊரு லேத்துலயே கடைஞ்சுக்கலாமா? இந்த மூணுக்கும் தலையாட்டுனா அது நிக்கும். திரில்லு அதுக்கப்புறம்தான். வியன்னாவுல 1897-ல வச்ச வீல் இன்னும் ஓடுதேன்னு கேப்பீங்க, அது ஊர விட்டு நகராத கோபுரம் மாதிரி, அதுகூட 1944-ல தீயில போயி, திரும்பக் கட்டுறப்ப 30 பெட்டியில 15-தான் மாட்டுனாங்க.

தஞ்சாவூர் இன்ஜினியரிங் ஸ்டூடண்ட்: சார், பயம் ஜாஸ்தியா இருந்தாதானே கூட்டம் வரும்? திரில் முக்கியம் இல்லன்னா எப்படி?

கூட்டம் வரும் தம்பி, ஏறாது. 1895-ல நியூயார்க் பக்கம் கோனி தீவுல ஃபிளிப் ஃபிளாப்னு ஒரு ரயிலு, தலைகீழா ஒரு வளையம் போட்டு வரும். வளையத்த காம்பஸ் வச்ச மாதிரி முழு வட்டமா போட்டுட்டாங்க, தண்டவாளத்துலேந்து வட்டத்துக்குள்ள நுழையுற அந்த நொடியில மொத்த அழுத்தமும் ஒரேயடியா கழுத்துல எறங்கும், கழுத்து வலியோட எறங்குனவன் மறுபடி வருவானா? சில வருஷத்துலயே மூடியாச்சு. 1901-ல அதே கோனி தீவுல இன்னொருத்தரு வளையத்த முட்டை வடிவத்துல போட்டு வலிய கொறைச்சாரு, ஆனா ஒரு தடவைக்கு நாலு பேருதான் போக முடியும், சுத்தி நின்னு வேடிக்கை பாத்தவங்கதான் ஜாஸ்தி. இது பரோட்டாக் கடை கணக்கு, கல்லுல ஒரு நேரத்துல எத்தனை விழுதுங்குறதுதான். மேல வளைவு சின்னதா கீழ பெருசா, அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமா ஏறுற மாதிரி வடிவம் போட்டு 1976-ல கலிபோர்னியாவுல ரெவல்யூஷன்னு ஒண்ணு வந்துச்சு, அதுக்கப்புறம்தான் தலைகீழ் ஆட்டம் காலூன்றுச்சு. நீ படிக்கிற படிப்புதான், கிளாத்தாய்டுன்னு தேடிப் பாரு.

நாகூர் தங்கச்சி: அண்ணே, கந்தூரிக்கு வர்ற ஜெயண்ட் வீல்ல எங்க தொட்டி உச்சிக்குப் போறப்ப மட்டும் நிறுத்துறாங்களே, வேணும்னேதானே?

உங்கள நிறுத்தலம்மா, கீழ இருக்குற தொட்டிய நிறுத்துறாரு, ஆளு எறங்கி ஏறணும்ல. எங்கயாச்சும் ஒரு தொட்டி உச்சியில மாட்டித்தான் ஆகும். அடுத்த தடவை ஏறாம ஓரமா நின்னு ஆபரேட்டர் கைய மட்டும் கவனிங்க. பத்துத் தொட்டி வீல்னா ஒண்ண நிரப்புனதும் பக்கத்துத் தொட்டிய நிரப்ப மாட்டாரு, அரைச்சுத்து சுத்தி நேர் எதிர்ல ஆறாவது தொட்டிய கீழ கொண்டாந்து அதுல ஏத்துவாரு. ஒரே பக்கம் கனம் ஏறுச்சுன்னா அந்தப் பக்கமே தொங்கும், மோட்டார் தூக்கத் திணறும், பிரேக் வழுக்கும். வரிசையில நிக்குறவங்கள அவரு பாக்குற பார்வை இருக்கே, எடை மெஷின் தோத்துச்சு. தடிமனா ரெண்டு மாமா ஒண்ணா வந்தா ஒருத்தர இங்க, இன்னொருத்தர எதிர்த் தொட்டின்னு பிரிச்சுருவாரு, அவங்க கோவிச்சுப்பாங்க, என்கிட்ட சண்டைக்கே வந்திருக்காங்க. எறக்குறப்பவும் இதே கணக்குதான். அந்த நேரத்துல உச்சியில நிக்குறவங்களுக்கு ஒரு பக்கம் தர்கா மினாரா அஞ்சும் லைட்டோட, இன்னொரு பக்கம் கடல் இருட்டா. ஏத்தி எறக்குறதுக்காக நிறுத்துனது, அதுவே டிக்கெட்டோட பாதி மதிப்பாயிருச்சு.

திருவாரூர்: மாமா, மரணக்கிணறு?

அத நெனைச்சாதான் எனக்கு மனசு கனக்குது. கிணறு மாதிரி வட்டமா நிறுத்துன பலகைச் சுவருல வண்டி நிக்குறதுக்கு மாயம் ஒண்ணும் இல்ல, வேகமா சுத்துறப்ப டயரு சுவர அமுக்குது, அந்த அமுக்கத்துல வர்ற உராய்வு வண்டிய கீழ விடாம புடிச்சுக்குது, வேகம் கொறைஞ்சா புடியும் போச்சு. மேல விளிம்புல நின்னு பத்து ரூபா நோட்ட நீட்டுவாங்க, ஓட்டுறவன் கைய விட்டுட்டு வந்து புடுங்கிட்டுப் போவான். மெஷினு செலவு கம்மிதான். பஞ்சம் ஆளுக்கும் வண்டிக்கும். எங்களுக்குப் புடிச்ச யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கு தயாரிப்பு 1996-லயே நின்னுபோச்சு, உள்ள விட்டு ஓட்டுற மாருதி 800 2014-ல நின்னுச்சு, அதுக்கு சாமான் தேடியே பாதி வருஷம் போயிரும். அடிச்சரிவுல ஓட்டிப் பழகி சுவருக்கு ஏற மாசக்கணக்காகும், ஹெல்மெட் கெடையாது, விழுந்தா கேக்க நாதி கெடையாது, எந்த அப்பன் புள்ளைய அனுப்புவான். ஒழிஞ்சா வருத்தப்படுவேன், ஆனா ஒழியக் கூடாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

பட்டுக்கோட்டை: பிரேக் டான்ஸ்ல ஏறி போன வாரம் தின்ன பஜ்ஜி வெளிய வந்துருச்சு. இதெல்லாம் எப்படிண்ணே ஓடுது?

பஜ்ஜிய எறங்குன அப்புறம் தின்னணும். அது ஓடுறதுக்கு காரணம் ஒரு தடவை மாதிரி இன்னொரு தடவை இருக்காது. கீழ மேடை ஒரு பக்கம், மேல குறுக்கு ஒரு பக்கம் சுத்தும், நீங்க உக்காந்த கிண்ணம் மட்டும் யாரும் சுத்தாம தன் பாட்டுக்கு, உள்ள யாரு எங்க உக்காந்தாங்கங்குறதப் பொறுத்து சுத்தும். 1926-ல அமெரிக்காவுல வந்த டில்ட் எ வேர்ல்ங்குற ராட்டினத்துலயும் இதே சூட்சுமம்தான், கிண்ணம் அடுத்து எந்தப் பக்கம் திரும்பும்னு முன்கூட்டி சொல்ல முடியாதுன்னு பெரிய படிப்பு படிச்சவங்களே கணக்குப் போட்டு எழுதியிருக்காங்க. அதான் எறங்குனவன் திரும்ப வரிசையில நிக்குறான்.

வேதாரண்யம்: நம்ம பக்கத்துக்குன்னு தனியா ஏதும் தொல்லை உண்டா?

தரைதான், வேற என்ன. சம்பா அறுத்து வயலு காஞ்சு வெடிச்ச அப்புறம் தை, மாசியிலேந்து நமக்கு சீசன், ஜனங்க கையிலயும் காசு இருக்கும். ஜூன் 12 மேட்டூர் தொறந்து தண்ணி கடைமடைக்கு வந்துட்டா பாதித் திடலு கையவிட்டுப் போச்சு. மேல கல்லு மாதிரி இருக்கும், ஒரு மழைக்கு களி வெண்ணெயாயிரும். ஒரு ஊருல ராத்திரி கோடை மழை, காலையில ரசமட்டத்த வச்சுப் பாக்குறேன், குமிழி ஒரு ஓரமா ஒட்டிக்கிட்டு நிக்குது. வீலோட ஒரு காலுக்கு அடியில எலி வளை, அத்தனையும் உள்வாங்கி நாலு விரக்கடை எறங்கியிருக்கு. அன்னிக்கு தேரு, சரியான வசூல் நாளு, ஓட்டியே ஆகணும்னு செட்டு மொதலாளி குதிக்குறாரு. நான் சாவியக் கழட்டி மடியில கட்டிக்கிட்டு டீக்கடைக்குப் போயிட்டேன். ஜாக்கி போட்டு அடியில பனங்கட்டை மாத்தி ஓட்டுறப்ப ராத்திரி பத்து. தரையில பரவலா படுக்குற சாமான் இங்க பொழைக்கும், நாலு கால்ல மொத்த பாரத்தையும் குத்துறது எப்பவும் பயம்தான்.

காத்தும் அப்படித்தான். கோனி தீவுல பாராசூட் கோபுரம் ஒண்ணு, சுமார் 250 அடி, 1941-லேந்து ஆள மேல தூக்கி எறக்கிக்கிட்டு இருந்துச்சு, காத்தடிச்சா நிறுத்தணும், ஆளும் நிறைய வேணும், கட்டுப்படியாகாம 1960-கள்ல நின்னுபோச்சு. கடலோரத்துல அதக் கொண்டாந்து ஆடிக்காத்துல வச்சா அம்மியோட சேந்து பறக்க வேண்டியதுதான்.

வலங்கைமான் தம்பி: மாமா, பொண்ணுக்கு நாலு வயசு. எதுல ஏத்தலாம்?

குதிரை ராட்டினம், டிராகன் ட்ரெயின். காத்தடைச்ச சறுக்கு பலூனும் இப்ப நிறைய வருது, சுருட்டுனா ஒரு டாடா ஏஸ்ல அடங்கிரும், அதான் மூலைக்கு மூலை நிக்குது, அதுல பெரிய பசங்க இருந்தா மட்டும் விடாத. தொட்டியில ஏத்துனா மடியில வச்சுக்காம பக்கத்துல உக்கார வை, கதவுல லாக் பின் போட்டிருக்கான்னு கைய வச்சு ஆட்டிப் பாரு, பின்னுக்குப் பதிலா கம்பி கட்டியிருந்தா எறங்கிரு. நடுவுல புள்ள அழுதா கீழ பாத்து கைய காட்டு, நல்ல ஆபரேட்டர் அடுத்த சுத்துல நிறுத்தி எறக்கிருவாரு. சிரிச்சுக்கிட்டே ஓட்டுனாருன்னா அடுத்த வருஷம் அந்த செட்டு பக்கமே போகாத.