அப்பாவோட நாலாவது டம்ளர்: வயசானவங்க காபி, எதிர்ப்பு சக்தி, நீங்க கேட்டதுக்கெல்லாம் பதில்

எல்லாருக்கும் வணக்கம். நான் ஆஸ்பத்திரில டயட்டீஷியன், 19 வருஷம் ஆச்சு, அதுல பாதிக்கு மேல வயசானவங்க வார்டுலதான். காலைல ரவுண்ட்ஸ் போனா தாத்தா பாட்டிங்க மொதல்ல கேக்கறது "காபி உண்டாம்மா"ன்னுதான், சுகர் எவ்ளோ, டிஸ்சார்ஜ் எப்பன்றதெல்லாம் அப்புறம். உங்க கேள்வியெல்லாம் படிச்சேன், ஒரே மாதிரி இருந்ததை ஒண்ணா சேர்த்துட்டேன்.

அக்கா, காபி குடிச்சா இம்யூனிட்டி கூடும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. அப்பாவுக்கு 71 வயசு, அதை காட்டி நாலாவது டம்ளர் கேக்கறார். உண்மையா?

தம்பி, இதுக்கு கொஞ்சம் நீளமா சொல்லணும். வயசாகும்போது எதிர்ப்பு சக்தில ரெண்டு விஷயம் நடக்குது. நெஞ்செலும்புக்கு பின்னாடி தைமஸ்னு ஒரு சுரப்பி இருக்கு, கிருமியோட சண்டை போடற டி செல்னு ஒரு வகை வெள்ளை அணு எல்லாம் அங்கதான் பழகி வெளிய வரும், அது இளவயசுலேயே சுருங்க ஆரம்பிச்சு அறுபது எழுபது வயசுல பெரும்பாலும் கொழுப்பாதான் இருக்கும், அதனால இதுவரை பார்க்காத கிருமி வந்தா அதை புதுசா அடையாளம் கண்டுபிடிக்கற செல் கம்மி. ரெண்டாவது, கிருமியே இல்லாதப்பவும் உடம்புக்குள்ள லேசான அழற்சி ஓடிக்கிட்டே இருக்கும், நீறு பூத்த நெருப்பு மாதிரி. காபி பத்தின நல்ல சேதி எல்லாம் இந்த ரெண்டாவது விஷயத்துலதான் வருது. 2017ல ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் 60 வயசு தாண்டினவங்க ரத்தத்தை பார்த்தாங்க, அழற்சியை கிளப்பற ஜீன் கூட்டம் சிலருக்கு ஓயாம வேலை செஞ்சுது, அவங்களுக்கு பிபியும் ரத்தக்குழாய் இறுக்கமும் அதிகம். அது அடங்கி இருந்தவங்க காபி, டீல இருக்கற கஃபீனை அதிகமா எடுத்துக்கறவங்களா இருந்தாங்க, லேப்ல செல்லோட கஃபீனை சேர்த்து பார்த்தப்பவும் அந்த தூண்டுதல் குறைஞ்சுது. மொத்தம் நூறு பேர் சுமாருக்குத்தான் பார்த்தாங்க. அப்புறம் 2021ல பிரிட்டன்ல கிட்டத்தட்ட 38,000 பேர் தகவலை வெச்சு, தினம் ஒரு கப்பாவது குடிக்கறவங்களுக்கு கோவிட் வந்தது சுமார் 10 சதவீதம் கம்மின்னு சொன்னாங்க. ஆனா காபி குடிக்கறவங்க வேற எந்தெந்த விஷயத்துல வித்தியாசமா இருந்தாங்கன்றதை அந்த மாதிரி ஆய்வுல முழுசா பிரிக்க முடியாது.

அதனால அப்பாகிட்ட சொல்லுங்க, காபி கெடுதல் இல்ல, ஆனா அது மருந்தும் இல்ல, நாலாவது டம்ளருக்கு இதை சாட்சியா கூப்பிட முடியாது.

அப்ப எத்தனை டம்ளர் குடிக்கலாம்?

நம்ம ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், 2024ல வெளியிட்ட உணவு வழிகாட்டில ஒரு நாளைக்கு கஃபீன் 300 மில்லிகிராம் தாண்ட வேணாம்னு இருக்கு. 150 மில்லி டிகாஷன் காபில 80லருந்து 120 வரைக்கும், இன்ஸ்டன்ட்ல 50லருந்து 65. அதாவது ஃபில்டர் காபி ரெண்டு, மிஞ்சினா மூணு, நடுவுல டீ குடிச்சா அதையும் கணக்குல சேர்க்கணும். பொடில ரோபஸ்டா வகை கொட்டை அதிகம்னா கஃபீன் ஏறும், அரபிகா வகையை விட கிட்டத்தட்ட ரெட்டிப்பு. சிக்கரில கஃபீனே இல்ல. படபடப்பு, நெஞ்செரிச்சல், இதயத்துடிப்பு தாறுமாறா இருக்கறவங்க டாக்டர் சொல்ற அளவுதான் குடிக்கணும், என் அளவு இல்ல.

அம்மாவுக்கு சளி பிடிச்சா சுக்கு காபிதான், அதுவும் கருப்பட்டி போட்டு. சுகர் இருக்கு. கருப்பட்டி ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்றாங்க...

சுக்கு காபி எனக்கும் ரொம்ப பிடிக்கும்மா. பெரும்பாலும் அதுல காபி கிடையாது, சுக்கு, மல்லி, மிளகு, திப்பிலிதான், தொண்டைக்கு இதமா இருக்கும், சூடா உள்ள போனா சளி கொஞ்சம் இளகும், தாராளமா குடிக்கட்டும். ஆனா கருப்பட்டியும் ரத்தத்துல சர்க்கரையாத்தான் சேரும். சுகர் ஏறி நின்னா வெள்ளை அணுக்கள் கிருமியை பிடிச்சு அழிக்கறது மந்தமாயிடும், அப்ப சளிக்கு குடிச்சதே சளியை இழுத்து வெச்ச மாதிரி. கருப்பட்டி இல்லாம வெச்சு குடுங்க, மூணு நாள்ல நாக்கு பழகிடும்.

இதே கணக்கு சாதா காபிக்கும். ஒரு டம்ளருக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை, நாள்ல நாலு டம்ளர்னா எட்டு ஸ்பூன். உலக சுகாதார நிறுவனம் சேர்த்துக்கற சர்க்கரையை ஆறு ஸ்பூனுக்குள்ள, அதாவது சுமார் 25 கிராமுக்குள்ள வெச்சுக்கிட்டா ரொம்ப நல்லதுன்னு சொல்லுது. காபிலயே அது தாண்டிடுது பாருங்க.

இன்னொண்ணு, கொதிக்க கொதிக்க வாயில ஊத்திக்கற பெரியவங்க இருக்காங்க. 65 டிகிரிக்கு மேல சூடான பானம் உணவுக்குழாய் புத்துநோய்க்கு காரணமா இருக்கலாம்னு 2016ல சர்வதேச புத்துநோய் ஆராய்ச்சி மையம் சொல்லிடுச்சு. டபராவுல ரெண்டு ஆத்து ஆத்தி குடுங்க, அவ்ளோதான்.

தைராய்டு மாத்திரையை மாமியார் காபியோடவே விழுங்கறாங்க, பரவாயில்லையா?

பரவாயில்லைன்னு சொல்ல மாட்டேன். எங்க அப்பாவே ஒரு வருஷம் இப்படித்தான் பண்ணிட்டிருந்தார். ரத்த டெஸ்ட்ல தைராய்டு அளவை காட்டற டிஎஸ்எச் இறங்கவே இல்ல, ரெண்டு தடவை டோஸ் கூட்டினாங்க, மூணாவது தடவை நான் லீவுல ஊருக்கு போனப்பதான் காலைல கண்ணால பார்த்தேன், மாத்திரையை வாயில போட்டு டம்ளரை எடுக்கறார். பெத்த பொண்ணு டயட்டீஷியன், ஆனா ஒரு வருஷமா கேக்கவே தோணல, இன்னைக்கும் அது உறுத்துது. காபி அந்த மருந்து குடல்ல சேர்றதை குறைச்சிடும். தண்ணிலதான் போடணும், காபிக்கு அரை மணியாவது, முடிஞ்சா ஒரு மணி இடைவெளி. எலும்பு தேய்மானத்துக்கு வாரம் ஒரு தடவை போடற அலெண்ட்ரோனேட்டும் வெறும் தண்ணிலதான், அதை காபியோட போட்டா பாதிக்கு மேல வீணாப்போகும். இரும்பு மாத்திரையும் காபியோட வேணாம்.

இரும்புச்சத்து பத்தி சொன்னீங்க, அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 9தான், டிபன் சாப்பிட்ட கையோட காபி குடிப்பாங்க.

அதுதான் நம்ம வீட்டு வழக்கமே, இட்லி முடிஞ்சதும் காபி. காபில இருக்கற பாலிஃபீனால் சாப்பாட்டு இரும்பை பிடிச்சு வெச்சுக்கும். 1983ல ஒரு சோதனை பண்ணினாங்க, சாப்பாட்டோட ஒரு கப் காபி குடிச்சப்போ இரும்பு உடம்புல சேர்றது 39 சதவீதம் குறைஞ்சுது. சாப்பிடறதுக்கு ஒரு மணி முன்னாடி குடிச்சா குறையவே இல்ல, ஆனா ஒரு மணி கழிச்சு குடிச்சப்பவும் சாப்பாட்டோட குடிச்ச அளவுக்கே குறைஞ்சுது. அதனால முன்னாடி குடிக்கறதுதான் மேல். ஆறரைக்கு காபி, எட்டுக்கு டிபன், அதுக்கப்புறம் பதினொரு மணிக்கு வேணும்னா இன்னொண்ணு. இரும்பு பத்தலைன்னா எதிர்ப்பு செல்களும் சரியா பெருகாது. ஆனா இந்த வயசுல 9ன்னா காபியை மட்டும் காரணம் சொல்லிட்டு விட்டுடாதீங்க, உள்ள எங்கயாவது ரத்தம் கசியுதான்னு டாக்டர் பார்க்கணும்.

தாத்தாவுக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன், ஆன்டிபயாட்டிக் ஆரம்பிச்சதுலருந்து ராத்திரி தூங்கல, கை நடுங்குது, நெஞ்சு படபடன்னு இருக்குன்றார். வழக்கமான மூணு காபிதான் குடிக்கறார்.

மாத்திரை அட்டைல சிப்ரோஃப்ளாக்சசின்னு இருக்கான்னு உடனே பாருங்க. கஃபீனை கரைக்கறது கல்லீரல்ல இருக்கற ஒரு என்சைம், இந்த மருந்து அதை தடுத்துடும், அதனால மூணு டம்ளரே ஆறு டம்ளர் மாதிரி ரத்தத்துல நிக்கும். கோர்ஸ் முடியறவரை காபி, டீயை ரொம்ப குறைங்க, மருந்தை நீங்களா நிறுத்தாதீங்க. நடுக்கம், படபடப்பை இன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லுங்க, ஏன்னா அது கிருமி ரத்தத்துல பரவறதாகவும் இருக்கலாம், வயசானவங்களுக்கு காய்ச்சல் இல்லாமலே அப்படி ஆகும். வீட்ல குழப்பமா பேசினா, ஒரேயடியா சோர்ந்து படுத்தா காத்திருக்கவே கூடாது.

சாயங்காலம் ஆறு மணி காபி இல்லாம எங்கப்பாவுக்கு நாள் முடியாது. விடலாமா?

சார், எனக்கு ஒரே ஒரு டம்ளரை நிறுத்த அதிகாரம் குடுத்தா இந்த டம்ளரைத்தான் நிறுத்துவேன். கஃபீன் பாதி கரையவே சுமார் அஞ்சு மணி நேரம். படுக்கறதுக்கு ஆறு மணி நேரம் முன்னாடி 400 மில்லிகிராம் குடுத்து 2013ல பார்த்தாங்க, தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல குறைஞ்சுது. அது நம்ம டம்ளரை விட பெரிய அளவு, ஆனா வயசானவங்க தூக்கம் ஏற்கனவே மெல்லிசு. 2015ல 164 பேர் மூக்குல சளி வைரஸை விட்டு பார்த்தாங்க, ஆறு மணி நேரத்துக்கு கம்மியா தூங்கறவங்களுக்கு, ஏழு மணி நேரத்துக்கு மேல தூங்கறவங்களை விட சளி பிடிக்கற வாய்ப்பு நாலு மடங்குக்கு மேல. மூணு மணிக்கு மாத்துங்க. ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து தடுக்கி விழறதும் குறையும்.

ஃப்ளூ ஊசி போடற அன்னைக்கு காபி குடிக்கலாமா?

குடிங்க. ஆனா ஊசியை போட்டுக்கங்க, வருஷா வருஷம். நிமோனியா ஊசி பத்தியும் டாக்டர்கிட்ட கேளுங்க. காபியால வராத பாதுகாப்பு அதுல வரும்.

ஆஸ்பத்திரில அட்மிட் ஆன ரெண்டாம் நாள் பாட்டிக்கு கடும் தலைவலி, சிடுசிடுப்பு. ஸ்கேன் வரைக்கும் போச்சு.

ஸ்கேன் எடுத்தது தப்பில்ல. ஆனா தினம் காபி குடிக்கறவங்களுக்கு சட்டுன்னு நின்னா 12லருந்து 24 மணி நேரத்துல தலைவலி ஆரம்பிக்கும், ஒண்ணு ரெண்டு நாள்ல உச்சத்துக்கு போகும். அட்மிஷன் அப்பவே "தினம் மூணு காபி குடிப்பாங்க"ன்னு நர்ஸ்கிட்ட சொல்லிடுங்க, மருந்து பட்டியல் சொல்ற மாதிரியே. வீட்ல குறைக்கறதா இருந்தாலும் நாலு நாளைக்கு ஒரு தடவை அரை டம்ளர்னு மெல்ல குறைங்க.

எங்க ஆச்சிக்கு 84. சாப்பாடே இறங்கல, காபியும் ரெண்டு பிஸ்கட்டும்தான். காபியை நிறுத்தினா பசிக்கும்னு அத்தை சொல்றாங்க.

நிறுத்தாதீங்க தாயி. எடை இறங்கற 84 வயசுல இருக்கற ஒரே ஆசையை பிடுங்கினா அதையும் குடிக்காம படுத்துடுவாங்க, வார்டுல நான் பார்த்திருக்கேன். வயசானவங்களுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராமாவது புரதம் வேணும், 45 கிலோ ஆச்சின்னா 45 கிராம், ஏன்னா எதிர்ப்பு சக்திக்கான ஆன்டிபாடியே புரதம்தான். காபியும் பிஸ்கட்டும் அதுல பக்கத்துல கூட வராது. டிகாஷனை குறைச்சு பாலை கூட்டுங்க, ரெண்டு ஸ்பூன் பால் பவுடரை கட்டியில்லாம கரைச்சு விடுங்க. பிஸ்கட்டுக்கு பதிலா பொட்டுக்கடலை மாவு உருண்டை, இல்ல அவிச்ச முட்டைல பாதி. மேல இரும்புக்கு சொன்ன நேரக்கணக்கெல்லாம் ஆச்சிக்கு இப்ப வேணாம், காபி கூட வெச்சாத்தான் ரெண்டு வாய் உள்ள போகுதுன்னா கூடவே வைங்க. கிட்னி பிரச்சினை இருந்தா மட்டும் புரத அளவை டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க. வாராவாரம் எடை பார்த்து எழுதி வைங்க, ஒரு மாசத்துல ரெண்டு கிலோ குறைஞ்சா எனக்கு எழுதிட்டு காத்திருக்காதீங்க, நேரா டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க.