ஏழு லைன் இறங்கினால் எட்டாவது ஏன் துள்ளுகிறது?

கேள்வி: எட்டு டேட்டா லைன்களை ஓட்டும் சிப் ஒன்றை வைத்து போர்டு செய்திருக்கிறேன். ஏழு லைன்கள் ஒன்றாக 1-லிருந்து 0-க்கு இறங்கும்போது, சும்மா 0-வில் இருக்கும் எட்டாவது லைன் ஒரு துள்ளு துள்ளுகிறது. அடுத்த சிப் அதை 1 என்று எடுத்துக்கொள்கிறது. கிளாக்கை 20 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கினேன், சிப்பின் சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே கெப்பாசிட்டர்களைக் கூட்டினேன். சரியாகவில்லையே?

பதில்: ஆகாது. கிளாக்கைக் குறைத்தால் லைன்கள் எப்போதாவது மாறும், அவ்வளவுதான். மாறும்போது அதே 2 நானோநொடியில்தான் மாறும். வம்பு அந்த விளிம்பில், அதாவது லைன் 1-லிருந்து 0-க்கு மாறும் அந்தக் கணத்தில் இருக்கிறது.

கணக்குப் போடுங்கள். லைனுக்கு 25 மில்லிஆம்பியர் என்றால் ஏழுக்கு 175. அத்தனையும் சிப்பின் ஒரே கிரவுண்ட் கால் வழியாக 2 நானோநொடியில் பாய வேண்டும். இரண்டு பக்கமும் நீளக் கால்கள் வரிசையாக இருக்கும் பழைய டிப் (DIP) வடிவ சிப் என்றால் அந்தக் காலுக்கு 10 நானோஹென்றி மின்தூண்டல் (மின்னோட்டம் சட்டென்று மாறுவதை எதிர்க்கும் தன்மை) வைத்துக்கொள்ளலாம். அதை மின்னோட்டம் மாறும் வேகத்தால் பெருக்கினால் கிட்டத்தட்ட 0.88 வோல்ட் வருகிறது. சிப்புக்குள் இருக்கும் கிரவுண்டே அவ்வளவு எம்பினால், அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் எட்டாவது லைனும் கூடவே எம்பும். டிடிஎல் (TTL) வகை சிப்பின் உள்ளீடு 0 என்று ஒத்துக்கொள்ளும் எல்லை 0.8 வோல்ட், அதை இது தாண்டிவிடுகிறது. இதைத்தான் கிரவுண்ட் பவுன்ஸ் என்கிறோம்.

கெப்பாசிட்டர் வேண்டாத பொருள் இல்லை, லைன்கள் மேலே ஏறும்போது அது கைகொடுக்கும். இறங்கும்போது லைன்களில் சேர்ந்திருக்கும் மின்னூட்டம் சிப்பின் கால் வழியாக கிரவுண்டுக்கு வடிகிறது. அந்தப் பாதையில் உங்கள் கெப்பாசிட்டர் இல்லவே இல்லை. பத்து வைத்தாலும் இதே கதைதான்.

சிப்பை ஒட்டி ஒவ்வொரு லைனிலும் 33 ஓம் ரெசிஸ்டர் தொடராகப் போடுங்கள். அதைவிட, விளிம்பு மெதுவாக இருக்கும் வகை சிப்புக்கு மாறிவிடுவது எனக்குப் பிடித்த வழி. தேவையில்லாத வேகத்தை ஏன் வாங்க வேண்டும்?

அப்புறம், துள்ளலை அளக்கும் ஆசிலாஸ்கோப் புரோபின் கிரவுண்ட் வயர் எவ்வளவு நீளம்? நான் ஒருமுறை மூன்று நாள் துரத்திய 130 மெகாஹெர்ட்ஸ் அலை, என் புரோபில் தொங்கிய 15 சென்டிமீட்டர் வயரில் பிறந்தது! வயரைக் கழற்றி, புரோப் முனையில் மாட்டும் குட்டி ஸ்பிரிங்கை வைத்ததும் அலை காணாமல் போனது. உங்கள் அடுத்த சிப் ஏமாறுகிறது என்பதால் துள்ளல் நிஜம்தான். அதன் உயரத்தை மட்டும் ஸ்பிரிங் வைத்து மறுபடி அளந்துவிடுங்கள், ரெசிஸ்டர் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை, போட்ட பிறகு ஒரு தடவை.