ஜூஸ் கடையில் வெட்டிக்கொள்ளும் இரண்டு கோடுகள்

நேரிய சமன்பாடுகளைக் கடைக் கணக்கு வைத்து நடத்துவது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி (கணக்கு ஆசிரியை, பர்கூர்): சார், பசங்க நீக்கல் முறை, பிரதியிடல் முறை எல்லாம் போட்டுவிடுகிறார்கள். எக்ஸ் என்றால் என்ன என்று கேட்டால் முழிக்கிறார்கள்.

பதில்: சமன்பாட்டைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், டீச்சர். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாம்பழ ஜூஸ் கடை என்று வைத்துக்கொள்வோம். மாத வாடகை 4,500, ஃப்ரீசர் தவணை 1,500. ஒரு கிளாஸ்கூட விற்காவிட்டாலும் இந்த 6,000 ரூபாய் போயே தீரும். அப்புறம் பழம், சர்க்கரை, ஐஸ், கப் எல்லாம் சேர்த்து கிளாஸுக்கு 18 ரூபாய், விற்பது 30-க்கு. 300, 500, 700 கிளாஸுக்கு வரவு செலவு அட்டவணை போடச் சொல்லுங்கள். 300-ல் செலவு 11,400, வரவு 9,000. 500-ல் இரண்டும் 15,000. முதலுக்கு மோசமில்லாத அந்த இடத்தை அவர்களே கண்டுபிடித்த பிறகு வரைபடத்தாளை எடுங்கள். செலவுக் கோடு 6,000-ல் கிளம்பும், வரவுக் கோடு பூச்சியத்தில். எக்ஸ் என்பது கிளாஸ் கணக்கு என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

கேள்வி (ஜூஸ் கடைக்காரர், காவேரிப்பட்டணம்): இதே கணக்கைப் போட்டு, மாதம் 500 கிளாஸ் விற்றால் போதும் என்கிறாள் என் பொண்ணு. கையில் ஒன்றும் நிற்கவில்லையே?

பதில்: 500-ல் நிற்காதுதான், அண்ணே. உங்கள் கூலியை அவள் சேர்த்தாளா? மாதம் 9,000 என்று வைத்தால்கூட நிலையான செலவு 15,000 ஆகிவிடும். கிளாஸுக்கு மிஞ்சுவது 12 ரூபாய், ஆக 1,250 கிளாஸ் ஓட வேண்டும். அதோடு மாம்பழம் சில மாதம்தான், வாடகையும் தவணையும் வருஷம் முழுக்க. மூன்று மாதம் மட்டும் கடை ஓடினால், கூலியை விட்டுவிட்டாலும் வருஷச் செலவு 72,000-ஐ, கிளாஸுக்கு மிஞ்சும் 12-ஆல் வகுக்க வேண்டும்: 6,000 கிளாஸ். சொந்தக் கடைக்காரர் சும்மா உழைப்பதாக எழுதும் கணக்குகள் எனக்குப் பிடிப்பதில்லை.

கேள்வி (மாணவர், பாலக்கோடு): தீர்வே இல்லாத சமன்பாடுகள் நிஜத்தில் வருமா, சார்?

பதில்: வரும், தம்பி. போட்டிக்காக 18-க்கே விற்றால் இரண்டு கோட்டுக்கும் ஒரே சாய்வு. எத்தனை விற்றாலும் 6,000 நட்டம். வெட்டிக்கொள்ளாத இணைகோடுகள், அதனால் தீர்வு இல்லை. 15-க்கு விற்றால் விடை வரும், ஆனால் மைனஸ் 2,000 கிளாஸ்! தப்பு என்று அடித்துவிடாதே. விற்க விற்க நட்டம் ஏறுகிறது என்பதைத்தான் அது சொல்கிறது.

கேள்வி (மளிகைக் கடைக்காரர், கிருஷ்ணகிரி): ஒரு டெம்போ 500 ரூபாயும் கிலோமீட்டருக்கு 12-ம் கேட்கிறது, இன்னொன்று 300-ம் 16-ம். எது லாபம்?

பதில்: 50 கிலோமீட்டரில் இரண்டும் 1,100. ஓசூர் ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான், எது வந்தாலும் சரி. காவேரிப்பட்டணத்துக்கு இரண்டாவது, சேலம் வரை போவதென்றால் முதல் வண்டியைக் கூப்பிடுங்கள்.