நாகர்கோவில் – திருவனந்தபுரம் வழியில் வீட்டுச் சாமானும் குழந்தைத் துணியும்: எங்கே இறங்கலாம்?

கேள்வி: மார்த்தாண்டத்துக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறோம். நான்கு வயதில் ஒரு மகள், ஒரு கைக்குழந்தை. பெரிய கடைகளில் எதைப் பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கிறது. வீட்டுச் சாமானுக்கும் குழந்தைகள் துணிக்கும் மனசுக்குப் பிடித்த சின்னக் கடைகளை இந்தப் பக்கத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் குழித்துறைக்காரி. நீங்கள் நல்ல இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடைப் பெயர்களாக ஒரு பட்டியல் கொடுத்தால் உங்களுக்கு அதிகம் உதவாது. இந்த வகைக் கடைகள் பலவற்றுக்குப் பெயர்ப் பலகையே இருக்காது. இருந்தாலும் பலகையில் ஒரு பெயர், பில்லில் ஒரு பெயர், ஊரார் சொல்வது இன்னொன்று. நான் செய்வது இதுதான்: என்ன வேண்டும் என்று முதலில் முடிவு செய்வேன். அது இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் செய்யப்படுகிறது என்று விசாரிப்பேன். அப்புறம் அந்த ஊரில், செய்கிறவர் வீட்டுக்கு எந்தக் கடை பக்கமோ அங்கே போவேன். நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் வரை சுமார் 70 கிலோமீட்டர். அதற்குள் நெசவும் மண்பாண்டமும் பாத்திரக் கடைத் தெருவும் பனையோலை வேலையும் இருக்கின்றன. முதலில் திருவிதாங்கூர், 1949-இல் இருந்து திருவிதாங்கூர்-கொச்சி என்று 1956 வரை இந்தப் பக்கம் முழுவதும் ஒரே ஆட்சிதானே! எங்கள் வீட்டு அடுக்களையில் உருளி என்ற வாயகன்ற பாத்திரமும் கிண்டி என்ற மூக்குச் செம்பும் இருக்கும், கொடியில் கசவு முண்டு, அதாவது ஜரிகைக் கரை வேட்டி, காயும். எல்லைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று வீட்டுச் சாமான் பிரிந்து போகவில்லை.

துணியில் இருந்து தொடங்குகிறேன், அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை தாண்டினால் பாலராமபுரம். 1798 முதல் 1810 வரை ஆண்ட திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மாவின் பெயரைத் தாங்கிய ஊர். அவருடைய தளவாய் (தலைமை அமைச்சர்) உம்மிணித் தம்பி வளர்த்த வணிகத் தலம் அது. நம் பக்கத்துச் சாலியர் நெசவாளர்களை அழைத்துவந்து குடியமர்த்தினார்கள். அதனால் தமிழில் பேசினால் அங்கே யாரும் விழிக்க மாட்டார்கள். நெடுஞ்சாலை ஓரத்திலேயே பெரிய துணிக்கடைகள் வரிசையாக இருக்கும். அவற்றில் கைத்தறியும் விசைத்தறியும் கலந்து கிடக்கும் என்பதால் நான் அங்கே நிற்பதில்லை. உள்ளே திரும்பி, சாலியர் தெருக்களைக் கேட்டுப் போங்கள். ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு என்றெல்லாம் வழி சொல்வார்கள். வீட்டின் முன்னறையில் ஒரு கண்ணாடி அலமாரி, ஒரு பாய், சுவரோரம் அடுக்கிய முண்டுகள். அதுதான் கடை. பின்கட்டில் இருந்து தறிச் சத்தம் கேட்டால் சரியான இடம்.

அங்கே குழித்தறிதான் பேர்போனது. தரையில் வெட்டிய குழிக்குள் காலை இறக்கி, மிதியை மிதித்தபடி நெய்வார்கள். அதைவிட அழகு பாவு போடுவது, அதாவது தறியில் ஏற்றும் நீள இழைகளைத் தயார் செய்வது. விடியற்காலையில் தெரு நெடுக நூலை விரித்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, இரண்டு பக்கமும் ஆள் நின்று நீளமான பிரஷால் வாரிக்கொண்டே நடப்பார்கள். நடுவில் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் சேர்ப்பார்கள். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனால் இதைக் காட்டுங்கள். தான் போடும் பாவாடை எங்கிருந்து வருகிறது என்று நான்கு வயதுக்கு நன்றாகவே புரியும்.

வாங்கும்போது துணியைத் திருப்பிப் பாருங்கள். பாலராமபுரத்து நல்ல நெசவில் கரை உள்ளும் புறமும் ஒரே மாதிரி இருக்கும். பின்பக்கம் நூல் அறுத்து அறுத்து விட்டிருந்தால், அல்லது இழை தொங்கிக்கொண்டிருந்தால், ஏன் என்று கேளுங்கள். இரண்டு ஓரங்களிலும் விரலைத் தடவினால் ஊசி குத்தியது போலச் சின்னச் சின்னத் துளைகள் தட்டுப்படும். தறியில் துணி சுருங்காமல் அகலத்தை இழுத்துப் பிடிக்கும் குச்சியின் அடையாளம் அது. இது ஒன்றை மட்டும் வைத்துக் கைத்தறி என்று சொல்லிவிட முடியாது, ஆனால் கடைக்காரரிடம் பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல கேள்வி கிடையாது. கைத்தறி முத்திரை 2006-இல் வந்தது. கூட்டுறவுச் சங்கக் கடைகளில் துணியோடு அந்தச் சீட்டு இருக்கிறதா என்று பார்க்கலாம். வீட்டுக் கடைகளில் பெரும்பாலும் சீட்டு இருக்காது, ஆள்தான் சாட்சி.

கசவிலும் ரகம் உண்டு. வெள்ளி இழையில் தங்க முலாம் பூசிய அசல் ஜரிகை சூரத்தில் இருந்து வருகிறது, விலை அதற்கேற்ப ஏறும். குழந்தைத் துணிக்கு அது தேவையே இல்லை. நாலு மாதத்தில் உயரம் கூடிவிடும் பிள்ளைக்கு நூல் கரை போட்ட துணியே அழகு. பச்சை, மெரூன், கறுப்பு எல்லாம் கிடைக்கும், துவைக்கவும் எளிது.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். குழந்தைக்குத் தைத்து வைத்த உடுப்பை விட, துணியாக வாங்கித் தைப்பதுதான் இங்கே லாபமும் அழகும். நான்கு வயதுக்குப் பாவாடைக்கு இரண்டு மீட்டர் தாராளம். மீந்த துணியில் சட்டைக்கும் பார்க்கலாம். கடைக்காரரிடம் வெட்டுத் துண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். முழு முண்டுக்குப் போதாத நீளத்தில் தனியாக ஒரு கட்டு வைத்திருப்பார்கள், குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இரவு முழுவதும் வெறும் தண்ணீரில் ஊறப் போடுங்கள். கஞ்சி இறங்கும், துணி சுருங்க வேண்டியதும் சுருங்கிவிடும். அதற்குப் பிறகுதான் தையலுக்கு. தையல்கார அக்காவிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள்: இடுப்பிலும் விளிம்பிலும் உள்ளே தாராளமாக மடித்துத் தைக்க வேண்டும், அடுத்த வருஷம் பிரித்து இறக்கலாம். ஜரிகைக் கரை உடம்பில் படும் இடத்தில் பருத்தியில் உள்துணி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கழுத்தும் கக்கமும் சிவந்துவிடும். கழுத்தில் நாடா, குஞ்சம் எதுவும் வேண்டாம். விளையாடும்போது எதிலாவது மாட்டி இழுத்தால் ஆபத்து.

கைக்குழந்தைக்கு? தோர்த்து வாங்குங்கள். தலை துவட்டும் அந்த மெல்லிய துண்டு நாலு துவையலுக்குப் பிறகு எவ்வளவு மிருதுவாகும் தெரியுமா! குளிப்பாட்டித் துடைக்க, மடியில் விரிக்க, வெயிலுக்குப் போர்த்த எல்லாவற்றுக்கும் அதுதான். முன்பக்கம் திறக்கிற ஜப்லாவும் இதிலேயே தைக்கலாம், தையல் விளிம்பு வெளிப்பக்கம் வருகிற மாதிரி. வாங்கிய எந்தப் புதுத் துணியையும் துவைக்காமல் கைக்குழந்தைக்குப் போடாதீர்கள்.

கேரளத்தில் 2017 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைத்தறித் துணியில் இலவசச் சீருடை தருகிறார்கள். நெசவாளர்கள் பலருக்கு வருஷம் முழுக்க வேலை தந்த திட்டம் அது. ஆகவே முண்டும் சேலையும் மட்டுமே நெய்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டம் போட்ட துணி, சட்டைத் துணி வேண்டும் என்று கேட்டால், தெருவில் யார் நெய்கிறார் என்று அவர்களே காட்டிவிடுவார்கள்.

சரி, அடுக்களைக்கு வருவோம்.

மண்சட்டி வேண்டுமென்றால் நாகர்கோவில் பக்கம் சுங்கான்கடை. நெடுஞ்சாலையை ஒட்டியே பானையும் சட்டியும் அடுக்கி வைத்திருப்பார்கள். சட்டியை இடது உள்ளங்கையில் ஏந்தி, வலது விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நன்றாக வெந்த சட்டி. மந்தமாகக் கேட்டால் கீறல் இருக்கலாம், அல்லது சரியாகச் சூடு ஏறாமல் இருக்கலாம். அப்புறம் சட்டியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்பக்கம் பாருங்கள், ஊசித் துளை இருந்தால் வெளிச்சம் காட்டிக் கொடுக்கும். கீழே வைத்தால் ஆடாமல் உட்கார வேண்டும், கேஸ் அடுப்புக்கு அது முக்கியம். திருவனந்தபுரத்து ஆற்றுகால் கோயில் பொங்காலை, தைப்பொங்கல் நேரத்தில் குவிந்திருக்கும் பானைகள் அன்றைய ஒருநாள் பொங்கலுக்கானவை. தினமும் மீன்குழம்பு கொதிக்க வேண்டிய சட்டி வேறு, கனம் கூடியது. அதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். பளபளவென்று மேற்பூச்சு போட்டது, வண்ணம் தீட்டியது எதையும் சமையலுக்கு எடுக்காதீர்கள். செடி வைக்கலாம். புதுச் சட்டியைத் தண்ணீரில் ஒருநாள் முழுக்க ஊறவைத்து, பிறகு சோறு வடித்த கஞ்சியை ஊற்றி மெல்லிய தீயில் கொதிக்க விட்டு ஆறவையுங்கள். இப்படி நாலைந்து நாள் செய்தால் போதும், பழகிவிடும்.

வெண்கலம், பித்தளைக்குத் திருவனந்தபுரம் சாலைக் கம்போளம். கிழக்கே கோட்டை பஸ் நிறுத்தத்தில் இறங்கினால் நடக்கும் தூரம். திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் உருவான சந்தை அது. தமிழ் வியாபாரிகள் தலைமுறையாக இருக்கிறார்கள், ஆரியசாலைப் பக்கம் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கும். பாத்திரக் கடைகளில் முன்வரிசையில் இருப்பது கல்யாணச் சீர் சாமான். உள்ளே போய், மேல் பரணில் பழசு ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். விலை எடைக்குத்தான், அதனால் உங்கள் முன்னால் தராசில் வைக்கச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். பாயசத்துக்கு வெண்கல உருளி வாங்குகிறீர்கள் என்றால் விளிம்பு ஒரே கனமாக இருக்கிறதா என்று விரல்களால் அளந்து சுற்றி வாருங்கள். பித்தளை என்றால் ஈயம் பூசியதா என்று கேட்டே ஆக வேண்டும். பூசாத பித்தளையில் புளி, தக்காளி, மோர் சேர்த்துச் சமைக்கக் கூடாது. யார் ஈயம் பூசித் தருவார் என்று தயங்காமல் சொல்கிற கடைக்காரரை விட்டுவிடாதீர்கள். பத்து வருஷம் கழித்தும் உங்களுக்கு அவர் வேண்டும்.

சில்லறைச் சாமான்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. உங்கள் ஊர்த் தொடுவெட்டிச் சந்தையையும், நாகர்கோவில் வடசேரிச் சந்தையையும் ஒரு சுற்று சுற்றுங்கள். சிரட்டை அகப்பை, சுளவு (முறம்), ஓலைப்பெட்டி, கடவம் (பெரிய ஓலைக்கூடை) எல்லாம் இப்படிப்பட்ட சந்தையில்தான் பார்க்க வேண்டும். ஓலைப்பெட்டியில் குழந்தையின் சின்ன உடுப்புகளை அடுக்கி வையுங்கள், காற்றோட்டமாக இருக்கும். விற்கிற பாட்டிகளிடம் பேரம் பேசாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு பெட்டி முடையும் நேரத்துக்கு அவர்கள் கேட்கிற காசு மிகக் குறைவு. மகளுக்கு விளையாட மரச் செப்புச் சாமான் வேண்டுமென்றால் அம்பாசமுத்திரம், படுக்கப் பாய் வேண்டுமென்றால் பத்தமடை. இரண்டும் திருநெல்வேலிப் பக்கம், ஒரே பயணத்தில் முடிக்கலாம்.

இன்ஸ்டாகிராமில் இந்த ஊர்ப்பக்கம் குழந்தைத் துணி தைத்து விற்கும் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நல்லவர்களும் உண்டு. உடுப்பை உள்பக்கம் திருப்பி ஒரு வீடியோ அனுப்பச் சொல்லுங்கள், தையல் தெரியும். துணி எந்த ஊர் என்று கேளுங்கள். தானே தைப்பவர் உடனே பதில் சொல்வார். கூகுள் மேப்பில் தேடும்போது கேரளப் பக்கத்துக்கு மலையாள எழுத்தில் கைத்தறி என்று போட்டுத் தேடுங்கள், ஆங்கிலத்தில் வராத சின்னக் கடைகளும் சங்கங்களும் தட்டுப்படும். வந்த ஒவ்வொரு கடையிலும் படங்களைப் பாருங்கள். தறியோ சூளையோ ஒரு படத்திலாவது இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

எப்போது போவது? ஓணத்துக்கு முந்திய இரண்டு வாரம் பாலராமபுரத்தில் நின்று பேச யாருக்கும் நேரம் இருக்காது. சரக்கு நிறைய இருக்கும், ஆனால் உட்கார வைத்து எடுத்துப் போட்டுக் காட்ட மாட்டார்கள். மழைக் காலத்தில் தெருவில் பாவு விரிக்க முடியாது. மாசியில் ஆற்றுகால் பொங்காலைக் கூட்டம் தலைநகரையே நிறைத்துவிடும். எனக்குப் பிடித்தது தை மாதம், பொங்கல் கழிந்த வார நாள். ஞாயிறு வேண்டாம், சாலைக் கம்போளத்தில் பாதிக் கடை அடைத்திருக்கும். காரை விடப் பயணிகள் ரயில் சௌகரியம், பாலராமபுரத்திலும் நிற்கும். அங்கிருந்து தெருக்களுக்கு ஆட்டோ கிடைக்கும். துணியை முடித்துவிட்டு மத்தியானத்துக்கு மேல் பஸ் பிடித்துக் கிழக்கே கோட்டைக்குப் போய்விடுங்கள். பாவு போடுவதை மகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் மட்டும் அதிகாலையிலேயே அங்கே இருக்க வேண்டும். முந்தின நாள் நெய்யாற்றின்கரையில் தங்கிக்கொள்வது நல்லது.